முறைக்காரர்கள்

மேட்டூர் திறந்து பதினாறாம் நாள்
முத்துப்பேட்டைக்குத் தண்ணீர் வரும்.
சில வருஷம் திறந்த செய்தி மட்டும் வரும்.
நைனா முகமது
மூன்றாவது ரிங்கில் எடுத்துவிடுவான்.

அரசு மருத்துவமனை, டயாலிசிஸ் அறை.
மெஷின் நான்கு, ஓடுவது மூன்று.
ஓமானுக்குக் கிளம்பிய அன்று
ஸ்பேனர் செட்டை என் கையில் கொடுத்தான்,
எந்த அலாரத்துக்கு எங்கே தட்டணும் என்பதில்
பாதியைச் சொன்னான்.
பஸ் வந்துவிட்டது.

ஆள் கேட்டு எழுதினோம்.
பணியிடம் காலியாக உள்ளது என்று
பதில் வந்தது.

அப்புறம்தான் அந்த நோட்டு.
போனவர் பெயர், இருக்கும் ஊர், விழித்திருக்கும் நேரம்.
வாய்க்காலில் முறை வைக்கிற மாதிரி
வியாழன் ராத்திரி நைனா,
ஞாயிறு மதியம் லீட்ஸிலிருந்து டாக்டர் செங்கமலம்.
முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நான் எழுதியது:
'எப்ப வர்றீங்க என்று கேட்கக் கூடாது.'
கேட்ட ஒருத்தர்
அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஜாம்பவானோடை கோவிந்தராசு
ரத்தம் பாதி வெளியே, பாதி உள்ளே என்று படுத்திருக்க,
போனை மெஷினின் முதுகில் காட்டுவேன்.
"இடப்பக்கம் கால் சுற்று... விடு... இப்ப கேளு."
கோவிந்தராசுவும் காது கொடுப்பார்.
"தம்பி சாப்பிட்டுச்சா?" என்பார் நடுவில்.

போன மாசம், முறையில்லாத ஒரு செவ்வாய்,
நைனாவே கூப்பிட்டான்.
"இங்கயும் கடலோரம்தான் சிஸ்டர்.
போர்த் தண்ணி. மெம்பிரேன் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் போயிடுது.
கம்பெனிக்காரன் வந்து பார்த்துட்டான்.
நம்ம ஊர்ல எப்படித் தாங்குது?"

நம்ம ஊரில் தாங்கவில்லை.
நான்கு வருஷம் தினம் ரெண்டு வேளை
உப்பளவு குறித்து வைத்திருந்தேன், யாரும் கேட்காமல்.
அமாவாசையும் பௌர்ணமியும்
ஓதம் ஏறி, அலையாத்திக் காடு தாண்டி
நிலத்தடியில் நம் போர் வரைக்கும் வந்துவிடுகிறது.
முந்தின நாளே டேங்கை நிரப்பிக்கொள்.
அந்த மூணு நாள் மோட்டாரைத் தொடாதே.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
"அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன், நாற்பத்தெட்டுப் பக்கமும்.

அப்புறம் நோட்டை எடுத்து
கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.
ஊர்: முத்துப்பேட்டை.
விழித்திருக்கும் நேரம் என்ற கட்டத்தில்
பேனாவை வைக்கிறேன்,
இரண்டாம் மெஷின் கத்துகிறது.