இருநூற்று ஐம்பத்தொன்று

சாட்ஸ்வொர்த். மருத்துவமனை நிலவறை.
"இடமில்லை" என்கிறது சர்வர்.
உரிமம் இருநூற்றைம்பது பேருக்குத்தான்.
காலை ஏழுக்குப் புது நர்ஸ் நொம்வூலா வருகிறாள்.
யாரையாவது அழித்தாக வேண்டும்.

டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு, எரிந்துபோன பிரிண்டர்
எல்லாம் போன மாதமே போயாயிற்று.

பூபாலன் நாயக்கர்.
மார்ச்சில் செத்தார்; மலர்வளையத்துக்கு
நானும் இருபது ராண்ட் போட்டேன்.
அவர்மேல் கர்சரை வைத்தால்
கடைசி நுழைவு: நேற்றிரவு 3.12.

ஏறிப்போய்ப் பார்த்தேன், ஆறாம் வார்டு.
விசைப்பலகைக்கு அடியில்
அவர் கையெழுத்தில் கடவுச்சொல்.
கணக்கே கிடைக்காத ஏஜென்சிப் பெண்கள் நாலுபேர்
அவர் பேரில்தான் எழுதுகிறார்கள்
குழந்தைகளின் காய்ச்சலை.

இறங்கி வந்தேன்.
இயக்குநருக்கு மூன்று கணக்கு.
மூன்றாவதில் கடைசி நுழைவு:
ஒருபோதும் இல்லை.

காலையில் திட்டு விழும்.
விழட்டும்.
நொ-வுக்குக் கொம்பா, துணைக்காலா?