மாதிரி நூற்றுப் பதினேழு

சம்பளப் பதிவேட்டில் ஜெசிந்தா சூசைப்பிள்ளை,
விஞ்ஞானம், முப்பத்தொரு வருடச் சேவை.
ஆசிரியர் அறையில் பாசி ரீச்சர்.
முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை,
அவருக்குத் தெரியாமலும் இருந்ததில்லை.

சனிக்கிழமை என்றால் சைக்கிள்.
கன்னியாவின் வெந்நீர்க் கிணற்று விளிம்பு,
தம்பலகாமத்து வாய்க்கால்,
எருமை எழும்பிப்போன குழி.
பாணிமருந்துப் போத்தல்கள், சிவப்பு மூடி,
ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு பச்சை.
லேபலில் பென்சில் எழுத்து.
மை கரையும், பென்சில் கரையாது என்பார்.

நான் தமிழ் படிப்பித்தவன்.
ஒருநாள் மறித்து, "கண்ணை வையுங்கோ" என்றார்.
பித்தளைக் குழாயின் அடியில்
நடுவில் இடுங்கிய பச்சைச் சில்லு ஒன்று,
இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படி.
"இதுக்கொரு தமிழ்ச்சொல் தாங்கோ, சேர்."
இணைக்கூறி என்றேன்.
"கலியாணப் பொருத்தம் மாதிரிக் கிடக்கு" என்று சுளித்தார்.

பிரியும்போது ஆளுக்கொரு பாதி கொண்டுபோகுமாம்,
மற்றப் பாதியைப் போன இடத்தில் முளைப்பிக்குமாம்.
எந்த ஒன்றிலும் ஒரு பாதிக்கு வயது கூட.
மூன்று கிழமை சொல் தேடினேன்.

பிறகு வீதியெல்லாம் காவலரண்.
கந்தளாயிலிருந்து திரும்புகையில்
மீசை சரியாய் அரும்பாத ஒருவன்
போத்தலை வெயிலுக்குப் பிடித்தான்.
பாசிக்குச் சிங்களம் அவருக்கு வரவில்லை.
"வத்துர, வத்துர" என்றார்.
"பொன்ன" என்றான். குடி.
பின்னால் நின்ற லொறிக்காரன்
தலையைத் திருப்பிக்கொண்டான்.

அவர் போய், பெறாமகள் வந்து வீட்டை விற்றபோது
போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.
கொப்பி மட்டும் என்னிடம் வந்தது.

மாதிரி 117. கந்தளாய்க் குளம், வடக்குக் கட்டு.
காலை 7.40. நீர்ச்சூடு 29.
எஞ்சியது அரைப் போத்தல். மிகுதி என்னிடம்.
ருசி: இரும்பு, கொஞ்சம் பூசணி.
வயிற்றுக்கு ஒன்றுமில்லை.
அன்றிரவே எண்ணியிருக்கிறார்: முப்பத்துநான்கு வகை.
ஒன்றை அடையாளம் தெரியவில்லை.
படத்தில் ஒரு பாதிதான் கீறியது,
மற்றதற்குப் புள்ளிக்கோடு.

அதன் கீழே,
தமிழ்ப் பெயர்:
சேரிடம் கேட்டிருக்கிறது.