எட்டரை மணிக்கு இன்னொருவர் மனைவி

பென்னாகரம் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
அங்கேதான் எங்கள் வீடு, அதாவது
எனக்கும் மாதேசனுக்கும்.
ஒரு சோபா, ஓடாத ஃபிரிட்ஜ்,
சுவரில் வரைந்த ஜன்னல்.
வியாழன், சனி இரவு எட்டரைக்கு
லோக்கல் கேபிளில் அரைமணி நேரம்
நான் அவருக்கு மனைவி.

அவர் குள்ளம், கஞ்சம், விடிகாலை நாலுக்கே எழுகிற ரகம்.
நான் ஓங்குதாங்கு; ஒன்பதுக்கு முன் கண் திறந்தால் தலைவலி.
அவருக்குப் புளிப்பு ஆகாது.
எனக்குப் புளி இல்லாமல் ஆகாது.
இவ்வளவுதான் கதை.
நாற்பது வாரமாக அதே மாவு.
ஊர் தின்கிறது.

நிஜத்தில் அவர் ஆவின் பூத் வைத்திருக்கிறார்.
சிரித்தால் பல்லில் காவிக்கோடு,
எங்கள் பக்கத்துத் தண்ணீரின் கையெழுத்து.
கேமராவுக்கு முன் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார்.
அதையும் கஞ்சத்தனத்தில் சேர்த்துக்கொண்டார்கள் ஜனங்கள்.

உழவர் சந்தையில் தக்காளிக்காரம்மா
கையளவு கூடப் போட்டு
"அந்த ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுறியோ" என்கிறாள்.
அரூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி
"விட்டுக் குடுத்துப் போம்மா" என்கிறார்.
பிறகு என் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து
"யோவ், பொம்பளை உக்காந்திருக்குதுல்ல, தள்ளி உக்காரு".
என் புருஷன் தள்ளி உட்கார்ந்தார்.

சக்கரவேலுக்குப் பட்டுக்கூடு அங்காடியில் வேலை.
ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் குலுக்குவார்.
உள்ளே புழு உருளுகிற சத்தத்தில்
நல்லதா, சொத்தையா, சொல்லிவிடுவார்.
வீட்டுக்கு வந்தால் 'சரி', 'ம்', 'இருக்கட்டும்'.
களி வெந்ததா? ம்.
வேகலையா? இருக்கட்டும்.
பத்தில் ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.
அவ்வளவு பொருந்திய கதவுகளுக்கு நடுவே
காற்றுகூட வராது.

எட்டரைக்கு ரிமோட்டோடு உட்காருவார்.
நான் இன்னொருவரைக் கரண்டியோடு துரத்துவதை
இமைக்காமல் பார்ப்பார்.
எடிட்டிங்கில் சிரிப்பு போட்ட இடத்தில்
அரை நொடி பிந்தி இவரும் சிரிப்பார்.
அது வாங்கிய சிரிப்பு; சேலத்திலிருந்து பென்டிரைவில் வந்தது,
மொத்தம் நாலு ரகம்.
மூன்றாவதில் ஒரு பெண் இருமுவாள்.
யாரோ. எந்த ஊரோ.
அவளுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று
ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

போன மாதம் ஒரு காட்சி.
எழுதியிருந்தது:
"ஒரு புடவை எடுக்கவாவது கூட்டிட்டுப் போனியா?"
வாயில் வந்தது வேறு:
"ஒரு நாளாவது எங்கூட சண்டை போட்டிருக்கியாய்யா நீ?"
மாதேசன் திகைத்துப்போனார்.
நாற்பது வாரமாக அவர் வேறென்ன செய்தார்?
டைரக்டர் கட் சொல்லவில்லை.
மேலே மூன்றாம் ரகத்தை ஊற்றி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை அது ஓடியது.
சிரிப்பு வந்தது. இருமல் வந்தது.
சக்கரவேல் சிரிக்கவில்லை.
ரிமோட்டைக் காதோரம் கொண்டுபோய் லேசாகக் குலுக்கினார்,
பேட்டரி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர் போல.
அணைத்தார்.

தட்டு வைத்தேன்.
ஒரு வாய் பிட்டார். நிறுத்தினார்.
"கட்டி தட்டுது."
"என்னது?"
"களி. கட்டி தட்டுது. ஆறு வருசமா தட்டுது."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே,
ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்து
கேஸ் புக் பண்ணாதது, அக்காள் மகள் சடங்குக்கு வராதது,
தீர்த்தமலை போகலாம் என்று கிளம்பி
மொரப்பூரிலேயே திரும்பியது வரை.
அவரும் விடவில்லை.
எல்லாம் வைத்திருந்தார் மனுஷன்,
ஏலச்சீட்டு மாதிரி, தேதியோடு.
நடுவில் எனக்குச் சிரிப்பு முட்டியது; அடக்கிக்கொண்டேன்.
சிரித்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

பத்து மணிக்கு மறுஒளிபரப்பு.
சுவருக்கு அந்தப் பக்கம் காளியப்பன் வீட்டில்
நான் மாதேசனோடு கத்திக்கொண்டிருந்தேன்.
திடீரென்று அந்தச் சத்தம் தேய்ந்தது.

எங்களைக் கேட்பதற்காக
என்னைக் குறைத்துவிட்டார்கள்.