சூடு போரா

குமுளியில், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்,
லாட்ஜின் பின்கட்டில்
ஒரு கொப்பரை, ஒரு தொட்டி, நான்.
கூடலூரிலிருந்து ஆறரை பஸ்.

குஞ்ஞுமோன் விரல் நுனியை நனைத்துப் பார்ப்பார்:
"சூடு போரா."
முதல் மாதம் முழுக்க
யாரோ ஒருத்தி போகிறாள் என்றே
என் காதில் விழுந்தது.
போதாது என்கிறாராம்.
விறகை உள்ளே தள்ளினேன்.

நாற்பத்தெட்டு விரிப்புகள், ஈரோட்டுப் பருத்தி.
புதிதில் மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும்.
கொதியில் முதலில் போவது அந்த விறைப்பு.
பிறகு ஓரத்தையல் சுருங்கி
கோபித்துக்கொண்ட வாயாகும்.
தலையணை உறையின் எலாஸ்டிக்
இரண்டாம் மாதமே செத்துவிடும்.
கடைசியில் நடுப்பாகம், ஆள் புரளும் இடம்:
வெயிலுக்கு நேரே தூக்கினால்
மலை தெரியும், ஜீப் ஸ்டாண்டு தெரியும்.

கிழிந்தால் கூலியில் பிடிப்பு,
விரிப்புக்கு நூற்றியிருபது.
தை மாதம் மட்டும் மூன்று.

ஒரே கட்டில் பிரித்த இரண்டை எடுத்தேன்.
ஒன்றின் மூலையில் சிவப்பு நூல், அது கொப்பரைக்கு.
மற்றதில் பச்சை நூல், அது பச்சைத் தண்ணிக்கு.
ஒவ்வொரு துவைப்புக்கும்
காலண்டரில் ஒரு கோடு.

காட்டுக்குள் போய்வந்தவர்கள்
அட்டை கடித்த காலோடு படுத்து எழுந்த ரத்தம்
பச்சைத் தண்ணியில் அரைமணி ஊறினால்
இளகி, வந்த வழியே போனது.
கொப்பரையில் வெந்தது, முட்டை வேகிற மாதிரி.
வெந்ததைத் தேய்க்க வேண்டும்,
தேய்த்த இடம் மெலியும்,
மெலிந்த இடம்தானே கிழியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது:
தைலம் தேய்த்துக்கொள்பவர்கள் அறை இரண்டு.
அந்த எண்ணெய் பச்சைத் தண்ணிக்கு மசியவில்லை.

எழுபத்தோராம் கோட்டில் சிவப்பு போனது.
சத்தம்கூட இல்லை.
பிழியும்போது துணிக்குள் விரல் போய்விட்டது.
பச்சைக்கும் அன்றைக்கு எழுபத்தொன்று.
தூக்கிப் பார்த்தேன்,
மலை தெரியவில்லை.

காலண்டரை நீட்டினேன்.
குஞ்ஞுமோன் கோடுகளை விட்டுவிட்டு
மேலே இருந்த நகைக்கடைப் படத்தைப் பார்த்தார்.
"ஆவி கண்டால்தான்
ஆளுக விஸ்வசிக்கும்."

சரி, ஆவி பறக்கட்டும்.
கார்த்திகை பிறந்ததும் நான்தான் சொன்னேன்:
வாளி முப்பது ரூபாய்.
கறுப்பு வேட்டியோடு பல் கிட்டி நிற்கிறவர்கள்
தோள் சிவக்கச் சிவக்க ஊற்றிக்கொள்கிறார்கள்.
தோல் உரிந்தால் அடியில் இன்னொரு தோல் இருக்கிறது.
நூலுக்கு அந்த வசதி இல்லை.

எண்ணெய் விரிப்புகளுக்கு மட்டும்
இரண்டு குடம் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.
மிச்சமெல்லாம் தொட்டியில் சும்மா கிடந்து வெளுக்கிறது.

மாடியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.
குஞ்ஞுமோன் காசை எண்ணிக்கொண்டே
அடுப்பைப் பார்த்துக் கத்துகிறார்:
"சூடு போரா."

ஆமாம், போறா.
வாளியில் ஏறி
படி படியாக
ஆளிருக்கும் அறைகளுக்கு.