நடந்தவர் எண்ணிக்கை

அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
சான் இலாரியோ நகராட்சி, இரண்டாம் மாடி,
மின்விசிறி சுற்றும்போதெல்லாம் காகிதங்கள் பறக்கும் அறை.
"சிலுவைப்பாதை ஆலய மதிலுக்குள் மட்டும்.
பொதுத்தெருவில் ஊர்வலமாக நடமாடுதல் கூடாது."
நடமாடுதல் என்பதில் ஒரு பிழை விட்டிருந்தேன்.
திருத்தி, முத்திரை குத்தி, மூன்று பிரதி எடுத்து,
சாமியாரின் பிரதியை நானே கொண்டுபோனேன்.
படித்து முடித்தவர்
வெயிலில் வந்திருக்கிறாய், தண்ணீர் குடி என்றார்.
அந்தத் தண்ணீரை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

பெரிய வெள்ளி.
மதிலுக்குள்ளேயே சுற்றியது சப்பரம்.
தெருவழி போனால் இரண்டாயிரத்து முந்நூறு அடி.
மதிலோரம் ஒரு சுற்று நூற்று அறுபது.
சப்பரம் தூக்கும் உல்பியானோ, லாரி ஓட்டுபவன்,
விரல்விட்டு எண்ணி, பதினாலு சுற்று என்றான்,
சுற்றுக்கு ஒரு நிலை,
மிச்சம் அறுபதடியை ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
பாடுபட்ட சுரூபத்தின் முள்முடி
மாங்கிளையில் சிக்கிச் சிக்கி வந்தது.

மதிலுக்குள் முந்நூறு பேர்தான் கொள்ளும்.
மீதிப் பேர் வாசலில் நாற்காலி போட்டோம்.
சொந்த வாசலில் உட்கார அனுமதி வேண்டியதில்லை,
விதிகள் எனக்கு அத்துப்படி.
யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.
கறுப்புத் துணி, செபமாலை,
சிலர் மடியில் மாங்காய்ப் பாகுக் கிண்ணம்.
தெருவின் இரு ஓரமும்
ஒன்றுமே இல்லாத நடுவைப் பார்த்தபடி.

மூன்று மணிக்கு ரோந்து வந்தான் லெஸ்தர் ஓபாந்தோ.
இருபத்திரண்டு வயது, தோளில் தொளதொளக்கும் சீருடை.
மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடிக்கு நடக்கும்படி உத்தரவு.
சுரூபம் போகும் அதே வழி. அதே நேரம்.

முதல் வீட்டில் எவுடோசியா எழுந்து நின்றாள்.
அவனுக்காகவா, அந்த மணிக்காகவா,
அவளுக்கே தெரிந்திருக்காது.
அவன் கடக்கையில் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.
அடுத்த வீடு எழுந்தது. அதற்கடுத்தது.
ரொட்டிக் கடைக்காரர் முழங்காலிட்டார்,
போன மாதம்தான் அறுவை செய்த முழங்கால்.
லெஸ்தர் வேகமாக நடந்தான், வேகமாக எழுந்தார்கள்.
நின்றான், தெருவும் நின்றது.
துப்பாக்கி வாரைத் தோளில் மாற்றிப் போட்டான்.
யாரோ விம்மினார்கள்.

அவன் அம்மா மட்டும் எழவில்லை.
ஷூ நாடா அவிழ்ந்திருக்கிறது பார், என்றாள்,
விழுந்து தொலைக்காதே.
அவன் குனிந்தான்.
நாடாவைக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

என் வீடு பதினோராவது.
நான் எழுந்தேனா என்று கேட்காதீர்கள்.
பின்னால் நாற்காலி சாய்ந்த சத்தம்தான் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை அறிக்கை தர வந்தான்.
அவன் சொல்ல, நான் தட்டச்சு செய்ய வேண்டும்.
ஊர்வலம் நடந்ததா? இல்லை.
கோஷம்? இல்லை.
பாட்டு? ஒரு நாய் குரைத்தது.
இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது:
நடந்தவர் எண்ணிக்கை.

தொப்பியை விரல்களில் சுற்றிக்கொண்டே இருந்தான்.
மேலதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது.
ஒன்று, என்றான்.

எண்ணிலா, எழுத்திலா என்று கேட்டேன்.

இரண்டிலும் போடு.