ஓதம்

வாடகை விளம்பரத்தில் கடல் இருந்தது.
சாவி வாங்கி, கதவைத் திறந்து,
பெட்டிகளோடு ஜன்னலுக்குப் போனால்
கடல் இல்லை.
கண்ணுக்கெட்டும் மட்டும் பழுப்புச் சேறு.
துறையில் ஏழெட்டுப் படகுகள்
தரை தட்டி, ஒருக்களித்து,
மதியத் தூக்கத்தில் கிடந்தன.

"ஏமாத்திட்டாங்க" என்றாள் தாரிணி
கோட்டைக் கழற்றாமலே.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.
ஓடெத் கோமோ. ஒரு கையில் உருளைக்கிழங்கு, மறு கையில் கத்தி.
கடல் எங்கே என்று கேட்டேன்.
இப்படி ஒரு கேள்வியை
வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை.
அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
"வெளியே போயிருக்கு. நாலே காலுக்கு வந்துடும்."

வந்தது.
அலை இல்லை, இரைச்சல் இல்லை.
அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே நிற்போம்,
கண் சிமிட்டும் நேரத்தில் விளிம்புக்கு ஏறியிருக்குமே
அப்படி.
படகுகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்து உட்கார்ந்தன.
இருட்டும்வரை பெட்டியைப் பிரிக்கவில்லை.

அக்டோபரில் படுக்கையறைச் சுவரில்
பச்சையாய் ஒரு தேசப்படம் முளைத்தது.
"ஓதம் ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டு
ஒரு கணம் நின்றேன்.
ஏறிவரும் கடலுக்கும் அதுதான் பெயர்,
அகராதியில் எப்போதோ பார்த்தது.
தர்மபுரிக்காரனுக்கு அந்தச் சொல்
சுண்ணாம்பு உதிரும் சுவரோடு நின்றுபோயிருந்தது.
இரண்டும் ஒன்றாகவே
வீட்டுக்குள் வந்திருக்கிறது இப்போது.
வீட்டுக்காரர் மர்டோவிடம் இதை எப்படிச் சொல்வது,
சுவர் ஈரம் என்றேன்.
"கடலோரம்" என்றார், அதுவே ரிப்பேர் என்பதுபோல.
மூன்று வாரம் கழித்து ஒரு யந்திரம் கொண்டுவந்தார்.
காற்றிலிருந்து அது
நாளுக்கொரு வாளி தண்ணீர் கறக்கிறது.

தாரிணி மருந்துக்கடையில் இருந்தபடியே
ஊரைப் படித்துவிட்டாள்.
யார் உள்ளங்கையில் தூண்டில் முள்,
யாருக்கு முழங்கால்,
முப்பது வருஷம் மீன்பிடித்தும்
படகேறும்போதெல்லாம் வாந்தி மாத்திரை வாங்குபவர் யார்.
பெயர் மட்டும் சொல்லமாட்டாள்,
எனக்குக்கூட.

வேலை அனுமதி வராத நான்
மட்டி தோண்டப் போனேன்.
சேறு என் இடது பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டது.
"இழுக்காதே, குதிகாலை ஆட்டு" என்று கத்திக்கொண்டே வந்தான்
ஓடெத்தின் தம்பி ஸோயேல்.
அதற்குள் ஒற்றைக் காலுறையில் நின்றிருந்தேன்.
டிசம்பரில் அனுமதி வந்ததும் அவனே சேர்த்துவிட்டான்:
சிங்கி இறாலின் கொடுக்குகளுக்கு ரப்பர் மாட்டும் வேலை.
தூக்கத்திலும் மாட்டினேன்.
"என் விரலை விடு" என்பாள்.

பிப்ரவரியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் சண்டை.
ஏன் டொராண்டோவை விட்டோம்,
யார் சொல்லி விட்டோம்,
யார் யாருக்காக.
கடைசியில் சொன்னாள்:
"இந்தக் கடலுக்கே இங்கே
ஆறு மணி நேரத்துக்கு மேல இருக்கப் பிடிக்கலை."
என்னிடம் பதில் இல்லை.
போர்வைகள் நாலும் அவள் பக்கம்.

காலையில் வேலைக்குக் கிளம்பியவளின் புறங்கையில்
நீலப் பேனாவில் எழுதியிருந்தது:
5.50, வற்று.
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஜூனில் ஒரு ஜோடி கதவைத் தட்டியது.
வெளியூர்க் கார், கழுத்தில் கேமரா.
கடல் எங்கே?
ஓதத் தண்ணீர் வாளியோடு நின்றிருந்த நான்
கொஞ்சம் கர்வமாகவே
அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன்:
"ஐந்து இருபதுக்கு வரும்."
படியில் உட்கார்ந்தார்கள்.
ஐந்து இருபது. ஐந்து முப்பது.
சேற்றில் ஒரு நாரை, அவ்வளவுதான்.
வேலிக்கு அப்பால் ஓடெத் சிரித்தாள்.
"கோடைக்கு நாமதான் கடிகாரத்தைத் திருப்புவோம்.
அது திருப்பாது.
ஒரு மணி கூட்டிக்கோ."

அந்த ஒரு மணிக்காக
அவர்களுக்குத் தேநீர் போடும்படி ஆயிற்று.
மூன்று பேரும் படியில் வரிசையாக
சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தாரிணி வந்தாள்.
யார் இவர்கள் என்று கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றிக்கொண்டே,
வேலைக்குப் போன வீட்டு மனுஷரை விசாரிப்பதுபோல்,
"இன்னும் வரலையா?" என்றாள்.