நாற்பத்தொரு வாசல்கள்

அக்டோபர் கடைசியில் கம்பிகளை நட்டோம்,
வாசலுக்கு நான்கு, ஆரஞ்சு நிறம்.
பனி மூடிய பிறகு
புல் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது என்று
வண்டிக்குச் சொல்ல வேண்டுமே.
நாற்பத்தொரு வாசல்கள்.
இன்று ஜனவரி பதினேழு.
கம்பிகள் நிற்கின்றன.
புல்லும் நிற்கிறது, வெட்கமே இல்லாமல், பச்சையாக.

கணக்கு எழுதுகிறவள் நான்.
வண்டி ஓட்டுகிறவன் என் கணவன் கீஸ்லேன்.
நவம்பரிலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிடுவோம்;
வானம் எத்தனை முறை கொட்டினாலும்
விடிவதற்குள் வழித்துவிடுவோம்.
அதுதான் ஒப்பந்தம். சூதாட்டம் என்றும் சொல்லலாம்.
கொட்டித் தீர்த்தால் எங்களுக்கு நட்டம்,
பொய்த்தால் லாபம்.
அப்படிப் பார்த்தால் மூன்று வருடமாக
எங்களுக்கு நல்ல காலம்.
டீசல் செலவில்லை. உப்பு மூட்டை பிரிக்கவில்லை.
அவனுக்கு முதுகுவலிகூட இல்லை.
ஆனாலும் சாப்பாட்டு மேசையில்,
விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை மாதிரி
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சிகூத்திமியில் பிறந்தவர்கள் நாங்கள்,
குளிரைத் திட்டித் திட்டியே வளர்ந்தவர்கள்.
திட்டுவதற்கு இருந்தது போய்விட்டது.
ரொட்டிக்கடை வரிசையில்
அடுத்தவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல்
காலணியில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிறோம்.

கொழுந்தன் ஜெர்வேயின் மீன்பிடிக் குடிசை
கரையில், வாகன நிறுத்தத்தில், சக்கரத்தின்மேல் நிற்கிறது.
பனிக்கட்டி தாங்காது, இறக்காதே என்றுவிட்டார்கள்.
சாயங்காலம் போய் உள்ளே அடுப்பை மூட்டி
பீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொள்கிறான்.
தூண்டில் போடத் தரையில் வெட்டிய ஓட்டையில்
தார் தெரிகிறது,
ஒருநாள் ஒரு சிகரெட் துண்டும்.

திருமதி லாப்ரெக் தொலைபேசியில் கேட்டார்,
“பாதியாவது திருப்பித் தரக் கூடாதா?”
ஒப்பந்தத்தின் நான்காவது பத்தியை வாசித்துக் காட்டினேன்.
வைத்துவிட்டார்.
ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அவர், வேறு குரலில்:
“வருமா? நீ என்ன நினைக்கிறாய்?”
அதற்குப் பத்தி இல்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி, இரவு மூன்று மணி.
பக்கத்தில் படுக்கை காலி.
கொட்டகையில் எஞ்சின் இருமியது.
அங்கியைப் போட்டுக்கொண்டு, அளவுகோலோடு ஓடினேன்.
முற்றத்தில் ஊன்றிப் பார்த்தேன்: மூன்று சென்டிமீட்டர்.
“ஐந்து இருந்தால்தான் எடுக்க வேண்டும், கீஸ்லேன்.”
“தெரியும்,” என்றான். “ஏறு.”

ஏறினேன்.
அவ்வளவு மெல்லிய பனியை இரும்பால் வழிக்கும் சத்தம்
காதுக்கு நல்லதல்ல.
தகடு தாரில் உரசித் தீப்பொறி பறந்தது.
ஆனாலும் யாரும் ஜன்னலைத் திறந்து கத்தவில்லை.
ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் இரவு உடையில் ஆட்கள்,
சும்மா நின்று பார்த்தபடி.
ஒருவர் குழந்தையைத் தூக்கிவந்து காட்டினார்.
மஞ்சள் சுழல்விளக்கில்
விழுவது கொஞ்சமா அதிகமா என்று தெரியவில்லை.
கீஸ்லேன் விசில் அடித்தான்,
ராகமே இல்லாமல்.

முப்பத்தெட்டாம் வாசலில்
திருமதி லாப்ரெக் கோட்டும் வீட்டுச் செருப்புமாக
நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.
இவன் பிரேக் போட்டான். கண்ணாடியை இறக்கினேன்.
பணம் பற்றித்தான் என்று நினைத்தேன்.
“என்னுடையதை எடுக்காதே,” என்றார்.
“காலைவரை கிடக்கட்டும்.”

கீஸ்லேன் தகட்டை உயர்த்தினான்.
முன்விளக்கைத் தணித்து
பின்னாலேயே மெதுவாக நகர்ந்தான்,
உறங்குகிற அறையிலிருந்து வெளியேறுவதைப் போல.

ஒன்பது மணிக்கு மழை பிடித்தது.

நோட்டைத் திறந்து தேதி எழுதினேன்.
மூன்று செ.மீ. நாற்பது வாசல்கள்.
டீசல் இருபத்தாறு லிட்டர், யாரும் கேட்காமலேயே.
கீஸ்லேன் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறான்,
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
ஜெர்வேயிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது:
குடிசைக் கூரையில், வடபுறம்,
கைக்குட்டை அளவு வெள்ளை.